கணவாயில் பேசிய குரல்

கணவாய்க்குத் தெற்கே, நாலுவழிச் சாலையை ஒட்டி ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப் இருந்தது. நடத்தியவர் பெயர் செல்லக்கனி. ஒல்லியான பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்த மெக்கானிக்குகளும் அப்படித்தான்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் ஆவுடையப்பன். நாற்பத்தைந்தைத் தாண்டியவர். கணவாய்க்கு வடக்கே ஒரு கல்லூரி விடுதியில் சமையல்காரர். சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் அவர் நின்றால் அண்டா இளைத்துப்போன மாதிரி தெரியும்.

அவர் வேலைக்குப் போகும் விடியற்காலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வார்டன் சொல்லிவிட்டார்: "பிள்ளைக எந்திரிக்கும்போது இட்லி மேசையில இருக்கணும் ஓய். ஒமக்கு வர முடியலன்னா சொல்லும், வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

அதனால்தான் வண்டி. புதிதாகப் பழகுகிறவர்கள் வாங்கும் குட்டி வண்டி. அதன் மேல் அவர் ஏறி உட்கார்ந்ததும் எதிர் டீக்கடை முத்தையா கைகளைக் கூப்பினார்.

"பிள்ளையாரப்பா, இறங்கிருப்பா. பெருச்சாளிக்கு நாக்கு தள்ளுது."

ஆவுடையப்பன் அதைக் கண்டுகொள்ளாமல் ஆசானைப் பார்த்தார்.

"ஆசானே, இந்த வண்டி என்னையச் சுமந்துகிட்டு நாலுவழிச் சாலையில போகுமா?"

ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய விரல்களை ஆசான் ஒவ்வொன்றாக விடுவித்தார்.

"கோழிக்குஞ்சப் பிடிக்க மாதிரி பிடிங்க அண்ணாச்சி. காத்து தள்ளும். தள்ளட்டும். வண்டி தானா நிமிரும்."

அந்த ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவர் கையால்தான் வண்டியைப் பிரிக்க வேண்டும். ஆசான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். மதியம் விடுதியிலிருந்து திரும்பியதும் ஆவுடையப்பன் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

முதலில் பின்பக்க ஸ்பிரிங்கை இறுக்கினார். டயர் மட்கார்டில் உரசுவது நின்றது.

மறுநாள் வந்து சொன்னார்: "வண்டி நல்லா இருக்கு ஆசானே. ஆனா கணவாயில யாரோ பேசுதாங்க."

"என்ன பேசுதாங்க?"

"வெளங்கல. பக்கத்து வீட்டுல பேசுத மாதிரி இருக்கு."

ஆசான் தலையசைத்தார். அடுத்து ஹேண்டில்பாரை உயர்த்தி, கால் வைக்கும் கம்பியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். முழங்கால் இடிப்பது நின்றது.

"இப்ப வெளங்குது ஆசானே. நம்ம முத்தையா குரல். பிள்ளையாரப்பா, இறங்கிருப்பாங்குது."

"முத்தையாண்ணே இங்கதான டீ ஆத்திக்கிட்டு இருக்காரு."

"அதான் எனக்கும் புரியல."

அடுத்து பின்சக்கரத்துப் பல்சக்கரத்தை மாற்றினார்கள். பெரியதைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் சிறியது. ஏற்றத்தில் முக்கும், ஆனால் நேர் சாலையில் இன்ஜின் கத்தாமல் ஓடும்.

இன்ஜின் கத்துவது நின்றது. அதன் அடியில் அமுங்கியிருந்த குரல்களெல்லாம் மேலே வந்தன.

விடுதிப் பையன்கள் வந்தார்கள். "மாஸ்டர், டயருக்கு வலிக்குமே மாஸ்டர்." வார்டன் வந்தார். "வேற ஆள் பாத்துக்கிடுதேன் ஓய்." செத்துப்போன பள்ளிக்கூட வாத்தியார்கூட வந்தார். "எலே, ரெண்டு பேரு எடத்துல ஒருத்தன் உக்காந்திருக்க." ஒவ்வொரு குரலும் அச்சு அசலாக இருந்தது. வாத்தியாரின் வெற்றிலை எச்சில் உட்பட.

"பயமா இருக்கா?" என்று ஆசான் கேட்டார்.

"இல்ல ஆசானே. இதெல்லாம் பொறந்ததுலருந்து கேக்குததுதான. என்ன, இப்ப ஆள் இல்லாம கேக்குது."

கடைசியாக நெஞ்சில் காற்று அறையாமல் இருக்க முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள்.

அடுத்த நாள் மதியம் ஆவுடையப்பன் கணவாய் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். எதற்கும் நிழல் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நெஞ்சில் காற்று இல்லை. இன்ஜின் முனகவில்லை. முத்தையா இல்லை, வார்டன் இல்லை, வாத்தியார் இல்லை. ஹெல்மெட்டுக்குள் இவ்வளவு அமைதியை அவர் கேட்டதே இல்லை.

அப்போது, காதுக்குப் பக்கத்தில், ஆசானின் குரல் கேட்டது.

"அண்ணாச்சி, கைய விடுங்க."

ஆவுடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. லேசாகப் பிடி என்பது முதல் பாடம். பிடிக்காதே என்பது அடுத்த பாடம் போல. நாம் அதற்குத் தயாராகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

"சரிங்க ஆசானே" என்று வாய்விட்டுச் சொன்னார். இரண்டு கைகளையும் விட்டார்.

காற்று அதற்காகவே காத்திருந்த மாதிரி வண்டியை அடுத்த தடத்துக்குள் தூக்கிப் போட்டது. பின்னால் லாரி அலறியது. லாரியின் பக்கவாட்டுக் கம்பி சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு போனது. எப்படிப் பிடித்தார், எப்படி ஓரத்துக்கு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கிளீனர் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினான்.

"யோவ் மலை! வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?"

அந்தக் குரலாவது மனுசக் குரல் என்று அவருக்கு ஆறுதலாக இருந்தது.

ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டேதான் வந்தார். ஆசான் ஒரு கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னபடி விட்டேன் ஆசானே. என்னால தாங்க முடியல. மன்னிச்சிருங்க."

"எத விட்டீங்க?"

"கைய. நீங்கதான கைய விடுங்கன்னீங்க. கணவாயில."

ஆசான் கார்புரேட்டரைக் கீழே வைத்தார். கிழிந்த சட்டையைப் பார்த்தார்.

"நான் காலையிலருந்து இந்த எடத்த விட்டு நகரல."

"தெரியும் ஆசானே. ஆனா உங்க குரல். 'அண்ணாச்சி'ங்கும்போது கடைசியில ஒரு இழுப்பு இழுப்பீங்கள்லா, அந்த இழுப்போட."

எதிர்க்கடையில் முத்தையா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

ஆசான் கண்ணாடித் தடுப்பின் விளிம்பில் விரலை வைத்து, அங்கிருந்து ஆவுடையப்பனின் காதுவரை காற்றில் ஒரு கோடு போட்டார்.

"இது உங்க உயரத்துக்குக் குட்டை. காத்த அள்ளிக் கொண்டுவந்து காதுல ஊத்துது."

"கழட்டிட்டா குரல் போயிருமா?"

ஆசான் மூலையில் கிடந்த மணல் மூட்டைகளை இழுத்தார். ஒன்றைப் பெட்ரோல் டேங்கின் மேல் கட்டினார். ஒன்றைத் தட்டையாக்கி சீட்டின் மேல் போட்டார், உட்கார்ந்தால் ஆவுடையப்பனின் உயரம் வரும்படி. பெரிய மூட்டையைப் பின்னால் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். தலையில்லாத ஓர் ஆள் அவரைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வண்டி ஆவுடையப்பனுக்கு அமுங்குகிற அளவுக்கு அமுங்கியது.

"ஆசானே, வேண்டாம். வேலை போனாப் போகுது. நான் வேற எங்கயாவது அடுப்பு பாத்துக்கிடுதேன்."

"உங்க எடத்துல உக்காந்து பாக்காம எப்படி அண்ணாச்சி?"

வண்டி கிளம்பியது. கணவாயின் வளைவில் முதலில் ஆசான் மறைந்தார். கட்டியிருந்த மூட்டை ஒரு கணம் கழித்துத்தான் மறைந்தது போல ஆவுடையப்பனுக்குத் தோன்றியது.

அவர் சாலையோரத்திலேயே நின்றார். முத்தையா டீ கொண்டுவந்து நீட்டினார். வாங்கவில்லை.

"ஏதாவது பேசும் ஓய்" என்றார் முத்தையா. "நீரு இப்படி நிக்கது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

ஆவுடையப்பன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். கூப்பிட்டால் காற்று அதையும் எடுத்துக்கொண்டு போய்விடும் என்று பயம். வடக்கே காற்றாலைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. சில நேரம் வண்டிச் சத்தம் கேட்டது. பார்த்தால் சாலையில் வண்டி இல்லை. டீ ஆறி ஆடை படிந்தது.

வெயில் சாய்ந்த பிறகு வண்டி வந்து நின்றது. ஆசான் கயிற்றை அவிழ்த்தார். மூட்டை பொத்தென்று விழுந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"கேட்டுச்சா ஆசானே?"

"கேட்டுச்சு."

"உங்க குரலா?"

"இல்ல. உங்க குரல்."

ஆவுடையப்பன் திரும்பி முத்தையாவைப் பார்த்தார்.

"இவரு வாயே திறக்கல ஆசானே, நான்தான் சாட்சி" என்றார் முத்தையா.

"தெரியும்."

"நான்... அது என்ன சொல்லிச்சு?"

"ஆசானே, திரும்பிப் பாருங்க, நான் லாரிக்கு அடியில கெடக்கேன்னு சொன்னீங்க." ஆசான் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். "ரொம்ப அழுதீங்க."

"திரும்பிப் பாத்தீங்களா?"

"திரும்பல."

முத்தையா மெல்லத் தன் கடைக்குள் போய்விட்டார்.

ஆசான் ஸ்பேனரை நீட்டினார். ஆவுடையப்பன் கண்ணாடித் தடுப்பைக் கழற்றினார். ஒரு நட்டு இரண்டு முறை கீழே விழுந்தது.

"நாளைக்கு நான் போகலேன்னா வார்டன் வேற ஆள் வெச்சிருவாரு ஆசானே."

"ஆமா."

"போனா, அது மறுபடியும் பேசுமா?"

"பேசும்னுதான் தோணுது. கண்ணாடி இல்லாட்டாலும்."

"உங்க குரல்லயேவா?"

"யாரு குரல்லயும் பேசும்."

ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப ரோட்டுல நான் எதத்தான் கேக்கணும் ஆசானே?"

ஆசான் அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு விரலை விட்டுச் செயினை மேலே தூக்கினார். தளர்ந்து கிடந்த அது தூக்கத் தூக்க வந்தது.

"அந்தக் குரலுக்கு நடுவுல இந்தச் செயின் போகும்போதும் தட்டுது, வரும்போதும் தட்டுது" என்றார். "இத நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லியே அண்ணாச்சி."