ஆற்றை ஏறவிடாத நாச்சிமுத்து

சுண்டையூரில் அறிவுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அது அப்படியே சேர்ந்து கிடந்தது. அதில் பெரும்பங்கு ஊரின் காலை நடைப்பயிற்சிச் சங்கத்திடம் இருந்தது. அந்தச் சங்கத்தின் செயலாளர் உரக்கடை நாச்சிமுத்து.

யார் எதைச் சொன்னாலும் நாச்சிமுத்து அப்படியே செய்வார். "கடையைக் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்று டீக்கடைக்காரர் சொல்லிவிட்டுப் போனால், அவர் திரும்பும்வரை கண்கொட்டாமல் கடையைப் பார்ப்பார். நாய் உள்ளே புகுந்து பன் தின்றாலும் அதையும் சேர்த்துப் பார்ப்பார். இவ்வளவு செய்தும் தன்னை ஒருத்தரும் பாராட்டியதில்லையே என்ற குறை மட்டும் அவர் மனசில் இருந்தது.

இப்படி இருக்கும்போது, பக்கத்து ஊரான பூலாங்காட்டுச் சங்கத்தார் மலைப்பக்கம் குறுக்காற்றுப் பள்ளத்தாக்கில் போய்க் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்தார்கள். வந்ததோடு விட்டார்களா? சுண்டையூர் பஸ் ஸ்டாப்பிலேயே பிளக்ஸ் கட்டினார்கள். மானப் பிரச்சினை ஆகிவிட்டது. சங்கம் அவசரமாகக் கூடியது.

"ஏனுங்க, கேம்ப்புன்னா என்னங்க பண்றது?" என்று கேட்டார் பந்தல் போடும் ஆறுச்சாமி.

"வீட்டுல பண்றதையெல்லாம் வீடு இல்லாம பண்றது," என்றார் சங்கத் தலைவர் சென்னியப்பன்.

"அப்ப வீட்டுல இருக்கறவங்க?"

"அவங்க நிம்மதியா இருப்பாங்க," என்றார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற தெய்வாத்தாள்.

முதலில் ஒருத்தர் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று. ஆறுச்சாமி காலையில் பஸ் ஏறிப் போய், இருட்டுவதற்குள் திரும்பி வந்தார்.

"இடத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனுங்க."

"எப்படி இருந்துச்சு?"

"இருந்துச்சுங்க."

"இருந்துச்சில்ல? அது போதும்," என்றார் தலைவர். எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்து, அந்தப் பள்ளத்தாக்கின் வனக்காவலர் மாதேஷுக்கு நாச்சிமுத்து போன் போட்டார். மாதேஷ் பொறுமையாகத்தான் சொன்னார். "சனி, ஞாயிறு கூட்டமா இருக்கும். சீக்கிரமா வந்து இடம் பிடிச்சுக்கங்க. மேல மழை பெஞ்சா சட்டுனு வெள்ளம் வந்துரும், அதனால ஆத்து மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

நாச்சிமுத்து இதை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டார்.

சனிக்கிழமை நாலு பேரும் வேனில் போய் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் மலை, நடுவில் கூழாங்கல்மேல் சலசலத்து ஓடும் ஆறு, கரையில் பச்சைப் புல். இறங்கிய வேகத்தில் ஆறுச்சாமி ஓடிப்போய்க் குப்புற விழுந்து, இரண்டு கையாலும் புல்லோடு சேர்த்து இடத்தைப் பிடித்துக்கொண்டார். அவர் பிடி தளராதபடி, அவருக்கு மேலேயே கல்யாணச் சாமியானாவைக் கட்டினார்கள்.

"தலைவரே, எறும்பு கடிக்குதுங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எறும்பையும் சேர்த்துப் பிடிச்சுக்கங்க. இடத்தை மட்டும் விட்றாதீங்க."

பிறகு கண் விஷயம் வந்தது.

"ஒரு கண்ணுன்னுதானே சொன்னாரு? எந்தக் கண்ணுன்னு கேட்டீங்களா?" என்றார் டீச்சர்.

நாச்சிமுத்துவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "கேக்காம விட்டுட்டனுங்க."

"பரவாயில்லை. ஒரு கண்ணு ஆத்து மேல இருக்கட்டும். இன்னொண்ணு சும்மாதானே கெடக்குது? அதைச் சோத்துப் பானை மேல வெச்சுக்கறேன்."

ஆறு ஒரு பக்கம், அடுப்பு மறுபக்கம். டீச்சர் இரண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் நின்றார். மூக்குக்கு நேரே இருந்த பலாமரத்தைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. சோறு தீய்ந்து புகை கிளம்பியது. அந்தப் புகையைப் பார்த்துக் காடு பற்றிக்கொண்டதோ என்று பதறிக்கொண்டு மாதேஷே ஓடிவந்துவிட்டார்.

வந்தவர் சாமியானாவைப் பார்த்தார். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஆறுச்சாமியின் கால்களைப் பார்த்தார். மேற்கே மலை உச்சி கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மூங்கில் குச்சியை வெட்டித் தண்ணீரின் ஓரத்தில் ஊன்றினார்.

"இந்தக் குச்சி முழுகுச்சுன்னா தண்ணி ஏறிருச்சுன்னு அர்த்தம். உடனே எல்லாத்தையும் போட்டுட்டு மேட்டுக்கு ஓடிருங்க. நாச்சிமுத்துண்ணா, குச்சி உங்க பொறுப்பு. நான் கீழ இருக்கறவங்களை உஷார் பண்ணிட்டு வந்தர்றேன்."

குச்சி உங்க பொறுப்பு! நாச்சிமுத்துவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷத்தில் அவரை நம்பி ஒருத்தர் ஒரு ஆற்றையே ஒப்படைத்தது இதுதான் முதல் தடவை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குச்சி பக்கத்தில் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்மண் நிறமாகி, குச்சியைப் பாதிக்குமேல் விழுங்கியது. நாச்சிமுத்து பதறிவிட்டார். குச்சி முழுகினால் தண்ணீர் ஏறிவிடும். தண்ணீர் ஏறிவிட்டால் கேம்ப் போச்சு, சங்கத்தின் மானமும் போச்சு. சட்டென்று குச்சியைப் பிடுங்கி ஒரு சாண் மேலே தூக்கிப் பிடித்தார். குச்சி முழுகவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

"என்னாச்சு நாச்சிமுத்து?" என்று கரையிலிருந்து தலைவர் கேட்டார்.

"முழுகப் பார்த்துச்சுங்க. விடலையே!"

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. குச்சியை இடுப்புக்குத் தூக்கினார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. குச்சியை மார்புக்குத் தூக்கினார். அடுப்பு அணைந்து, பானை மிதந்து போயிற்று. டீச்சரின் செருப்பு அதன் பின்னாலேயே போயிற்று.

"தலைவரே, எனக்கு முட்டி வரைக்கும் நனையுது," என்றார் டீச்சர்.

"குச்சி முழுகுச்சா?"

"இல்லீங்க, நல்லா மேலதான் இருக்குது."

"அப்ப தண்ணி ஏறலை. நாமதான் எறங்கியிருக்கோம்," என்றார் தலைவர்.

சாமியானாவுக்குள்ளிருந்து ஆறுச்சாமி தலையை மட்டும் மேலே தூக்கினார். "தலைவரே, இடம் கரையுதுங்க! என்ன பிடிச்சாலும் கையில நிக்க மாட்டேங்குது!"

அந்த நேரத்தில் மாதேஷ் கயிறோடு ஓடிவந்தார். டீச்சரையும் தலைவரையும் மேட்டுக்குத் தள்ளினார். இரண்டு கையிலும் சேற்றை இறுக்கிப் பிடித்திருந்த ஆறுச்சாமியைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார். நாச்சிமுத்து மட்டும் வெள்ளத்தின் நடுவே, குச்சியை இரண்டு கையாலும் தலைக்குமேல் ஏந்திக்கொண்டு நின்றார்.

"அந்தக் குச்சியை விட்டுட்டுக் கயித்தைப் பிடியுங்கண்ணா!"

"விட்டா தண்ணி ஏறிருமுங்க! கீழ பூலாங்காடு இருக்குது. எதிரிங்கதான், இருந்தாலும் புள்ளைகுட்டி இருக்கறவங்க!" தண்ணீர் நாச்சிமுத்துவின் கழுத்தைத் தொட்டது. அப்போதும் அவர் குச்சியைத் தாழ்த்தவில்லை.

கடைசியில் மாதேஷ் சுருக்குப் போட்டு, குச்சியும் ஆளுமாகச் சேர்த்துத்தான் கரையேற்ற வேண்டியிருந்தது. சாமியானா சுழன்று சுழன்று பூலாங்காட்டுத் திசையில் போயிற்று. மேட்டில் மல்லாந்து கிடந்த நாச்சிமுத்து, வானத்தை நோக்கி நீட்டிப் பிடித்திருந்த குச்சியைப் பார்த்தார். அதன் நுனி காய்ந்தே இருந்தது. அவர் கண்ணில் நீர் கோத்தது.

"ஒரு தடவைகூட முழுக விடலைங்க," என்றார்.

மாதேஷ் தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார்.

கதை அவர்களுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. தனியாளாக நின்று காட்டாற்றை ஏறவிடாமல் தடுத்த மனிதரைச் சுண்டையூர் மேளம் கொட்டி வரவேற்றது. ஊராட்சித் தலைவி மரகதம் பொன்னாடை போர்த்தினார். போர்த்திய கையோடு அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏனுங்கண்ணா, குச்சியைத் தூக்குனா தண்ணி ஏறாதுன்னா, அமுக்குனா ஏறணுமில்லீங்க?"

எல்லோரும் தெய்வாத்தாள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்தார்.

"கணக்குச் சரியாத்தான் வருது," என்றார்.

நாச்சிமுத்துவை மாலையோடு தூக்கிக்கொண்டு ஊர்க்குளத்துக்குப் போனார்கள். குளம் மாசியிலேயே வற்றி, வெடிப்பு விட்டுக் கிடந்தது. நாச்சிமுத்து நடுவில் இறங்கி, குச்சியை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினார். கரை நெடுகப் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம் அமுக்குங்கண்ணா!" என்று ஊரே கத்தியது.

குளத்தோரம் குடியிருந்த ராக்கியப்பன் மட்டும் பாத்திரம் பண்டங்களையெல்லாம் கூரைமேல் ஏற்றிவிட்டு, ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணா, பார்த்து மெதுவா அமுக்குங்க! எம்பட பொண்டாட்டிக்கு நீச்சல் தெரியாதுங்க!"