நாற்பத்தொரு ஓட்டம்

தவசி கோலூன்றித் தாண்டுகிறவன். நீண்ட கோலோடு ஓடிவந்து, அதைக் குழியில் ஊன்றி, வளைந்து நிமிரும் கோலின் விசையில் மேலெழுந்து, குறுக்குக் கம்பியைத் தாண்டி மெத்தையில் விழ வேண்டும். இருபத்தாறாம் வயதில், ஒரு போட்டியில் அப்படி மேலெழுந்தபோது கோல் முறிந்தது. மெத்தைக்கு வெளியே விழுந்தான். தோள் எலும்பு கூடுவதற்கு ஏழு மாதம் ஆயிற்று.

தோள் கூடிய பிறகு கால் மறுத்துவிட்டது. ஓடி வருவான். குழிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிடுவான். நாற்பத்தொரு முறை ஓடினான். நாற்பத்தொரு முறையும் நின்றான்.

பயிற்சியாளர் அவனைத் திருச்சியில் மனநல ஆலோசகர் மங்கையர்க்கரசியிடம் அனுப்பினார். அவளுக்கும் ஏறக்குறைய அவன் வயதுதான்.

"விளையாட்டுக்காரங்களை நான் பாக்கிறதில்லை" என்றாள்.

"ஏன் மேடம்?"

"முன்னாடி ஒரு நீச்சல் வீராங்கனை வந்தாங்க. போட்டிக்கு மூணு வாரம்தான் இருக்கு, தேத்தி அனுப்புங்கன்னாங்க. அனுப்பினேன். பதக்கம் வாங்கினாங்க. அதுக்கப்புறம் அவங்க தண்ணிப் பக்கமே போகலை. உனக்கு என்னம்மா வேணும்னு நான் அவங்களை ஒரு வார்த்தை கேக்கலை."

தவசி எழுந்து போனான். மறுநாளும் வந்து வெளியே உட்கார்ந்திருந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். சாயங்காலம் கிளினிக்கைப் பூட்ட வந்தவள் கேட்டாள்.

"சரி, உங்களுக்கு என்ன வேணும்? பதக்கமா?"

"வீட்டுல மாடி ஏறுறப்பகூடக் கடைசிப் படியில நின்னுடறேன் மேடம். அம்மா மேலேயிருந்து கை குடுத்து இழுத்துக்கிறாங்க. எனக்கு அந்தப் படி ஏறணும்."

அவள் கதவை மறுபடி திறந்தாள். புதுக் கோப்பு ஒன்றை எடுத்து அவன் பெயரை எழுதினாள்.

இரண்டு மாதம் வந்தான். பேசுவான், பாதியில் எழுந்து போய்விடுவான். ஒருமுறை தண்ணீர் டம்ளரைச் சுவரில் எறிந்து உடைத்தான். மறுநாள் புது டம்ளரோடு வந்தான். அவள் அதில் தண்ணீர் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

ஒரு நாள் கேட்டான்.

"நான் கோழையா மேடம்?"

அவள் பையை எடுத்துக்கொண்டாள். "வாங்க, மைதானத்துக்குப் போகலாம்."

நீளம் தாண்டுகிற மணல்குழிக்கு முன்னால் நின்று துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள்.

"எனக்குச் சொல்லிக் குடுங்க."

"மேடம், வேணாம். விழுந்துடுவீங்க."

"சொல்லிக் குடுங்க."

சின்னக் கோல் ஒன்றைக் கொடுத்து, பிடிக்கச் சொல்லித் தந்தான். அவள் ஓடினாள். மணலருகே வந்ததும் நின்றாள். திரும்பிப் போய் மறுபடி ஓடினாள். மறுபடி நின்றாள். மூன்றாம் முறை ஓடிக் கோலை ஊன்றினாள். ஒரு முழ உயரம் எழும்பி, முகம் குப்புற மணலில் விழுந்தாள்.

தவசி பதறி ஓடி வந்தான். "அடிபட்டுச்சா?"

"பட்டுச்சு." வாயிலிருந்த மணலைத் துப்பினாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. "எத்தனை தடவை நின்னேன்?"

"ரெண்டு தடவை."

"நான் கோழையா?"

"என்ன மேடம் நீங்க? மறுபடியும் மறுபடியும் ஓடுனீங்களே!"

சொல்லிவிட்டு அவன் சட்டென்று அவளைப் பார்த்தான்.

"நாற்பத்தொரு தடவை நின்னேன்னு முதல் நாள் சொன்னீங்க" என்றாள் அவள். "நாற்பத்தொரு தடவை ஓடினார்னு நான் எழுதி வெச்சிருக்கேன்."

தவசி மணலில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதான். அவள் எழுந்து போகவில்லை.

அந்த வாரம் கடைசிப் படியைத் தானே ஏறினான். அடுத்த மாதம் மூன்று மீட்டர் தாண்டினான். பிறகு மூன்றரை. பிறகு நான்கு.

சனிக்கிழமைகளில் அவள் மைதானத்துக்கு வந்து பார்ப்பாள். அவன் இரண்டு டீ வாங்கி வருவான். ஒன்றில் சர்க்கரை இருக்காது. தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்று எப்போது சொன்னோம் என்று அவளுக்கே நினைவில்லை.

நான்கு மீட்டர் அறுபது தாண்டிய சனிக்கிழமை, மெத்தையிலிருந்து எழுந்ததும் அவன் பயிற்சியாளரைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

திங்கட்கிழமை அவள் ஒரு கடிதத்தை நீட்டினாள். "தஞ்சாவூர்ல ஒரு ஆலோசகர் இருக்கார். நல்லவர். இனிமே அவர்கிட்ட போங்க."

"நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. சனிக்கிழமை நீங்க கோலை ஊனினப்ப நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

"அதனால என்ன?"

"வைத்தியம் பாக்கிறவ கண்ணை மூடக் கூடாது."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது.

"நீங்க இல்லாம என்னால தாண்ட முடியலைன்னா?"

"என்னால தாண்டுறீங்களா, உங்களால தாண்டுறீங்களா? அது நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாகணும். ஆறு மாசம் வர வேண்டாம். போனும் வேண்டாம்."

"ஆறு மாசம் கழிச்சு?"

"சிகிச்சைக்கு வராதீங்க. சும்மா வாங்க."

கடிதத்தை வாங்கிக்கொண்டான். அன்றைக்குக் கோபத்தில்தான் போனான்.

ஆறு மாதம் கழிந்து, மதுரையில் மாநிலப் போட்டி நடந்தது. அவள் பஸ் பிடித்துப் போனாள். அவன் கண்ணில் படாதபடி, பின்வரிசையில் ஒரு தூணோரமாக உட்கார்ந்தாள்.

கம்பி ஐந்து மீட்டருக்கு ஏறியபோது களத்தில் இருவர்தான் மிச்சம். மற்றவன் மூன்று முறையும் தட்டிவிட்டான். தவசி முதல் முறை தட்டினான். இரண்டாம் முறை நெஞ்சில் உரசிக் கம்பி விழுந்தது. மூன்றாம் முறை கோலைத் தோளுக்கு எடுத்தான். யாரையும் தேடவில்லை. ஓடினான், ஊன்றினான், போனான். கம்பி அசையவில்லை.

அவள் எழுந்து நின்று விசிலடித்தாள். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

பதக்கத்தோடு நேரே படியேறி வந்தான்.

"ஆறு மாசம் முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு மேடம்."

"பன்னெண்டு" என்றாள் அவள். "மங்கைன்னு கூப்பிடுங்க."

அதற்குள் பயிற்சியாளர் ஒரு நிருபரை இழுத்துக்கொண்டு வந்தார். "இவங்கதான் சார்! தாண்ட மாட்டேன்னு நின்னவனைச் சரி பண்ணினவங்க இவங்கதான்!"

நிருபர் மைக்கை அவள் முன்னால் நீட்டினார். "இவரைக் குணமாக்கினது நீங்கதானா டாக்டர்?"

"இல்லை. ஓடினது அவர். தாண்டினதும் அவர்."

"அப்ப நீங்க யாரு?"

தவசி தலையைக் குனிந்துகொண்டான். மங்கையர்க்கரசி நிமிர்ந்து நின்றாள்.

"இவரைக் கட்டிக்கப் போறவ. இவர்கிட்டதான் இன்னும் கேக்கலை."