கொக்கார் எண்ணிய சிப்பிகள்

பெரிய புல்வெளி ஒன்றின் நடுவே ஓர் ஆறு ஓடியது. அதில் துடுப்பி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்துவந்தாள். ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு மடு இருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவு! அடியில் ஓடும் கெண்டையின் செதிலைக்கூட எண்ணிவிடலாம். அங்கேதான் துடுப்பியின் குட்டிகள் மீன்பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தன.

அந்தத் தெளிவு சும்மா வந்துவிடவில்லை. மடுவின் சேற்றுக்குள் சிப்பிகள் புதைந்து கிடந்தன. நாள் முழுக்க அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி, நல்ல தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டிருந்தன. சத்தம் போடாமல் வேலை செய்கிறவர்களை யார் கவனிக்கிறார்கள்?

அந்தக் கோடையில் எருமைகளின் குட்டை வற்றிப்போனது. நாற்பது எருமைகள்! உடம்பெல்லாம் எரிச்சல். ஊறிக் கிடக்க ஓர் இடம் வேண்டும். தலைவன் கருங்கொம்பனின் கண் மடுவின் மேல் விழுந்தது. ஆனாலும் அவன் கொஞ்சம் நியாயம் பார்க்கிறவன்.

"நாற்பது பேர் இறங்கினால் அடியில் இருக்கிறவர்கள் நசுங்கிப்போவார்கள். யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்" என்றான்.

அந்த வேலை யாருக்குப் போனது தெரியுமா? கொக்காருக்கு! எந்நேரமும் கருங்கொம்பனின் முதுகில் உட்கார்ந்து, அவன் உடம்பிலுள்ள உண்ணிகளைக் கொத்தித் தின்று வயிறு வளர்க்கிறாரே, அதே கொக்காருக்குத்தான்! எருமைகள் மடுவைக் கலக்கினால் தவளையும் பூச்சியும் துள்ளிக் கிளம்பும். அப்புறம் அவருக்கு மூன்று வேளையும் விருந்துதான்.

மறுநாள் காலை கொக்கார் கரையோரம், மடுவுக்குச் சற்று மேலே இருந்த மணல்திட்டுவரை நடந்தார். கழுத்தை ஒரு தரம் நீட்டினார். ஒரு தரம் மடக்கினார். வெயில் ஏறுவதற்குள் ஆய்வு முடிந்துவிட்டது.

மாலையில் எல்லோரும் ஆற்றங்கரையில் கூடினார்கள். கொக்கார் கருங்கொம்பனின் முதுகில் நின்றபடியே முடிவை அறிவித்தார்.

"மேட்டு மணல்திட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு சிப்பிகள்! மடுவில் ஒன்றுகூட இல்லை! ஆகவே எருமைகள் தாராளமாக மடுவில் இறங்கலாம். சிப்பி இனத்துக்கு ஒரு குறையும் வராது!"

எருமைகள் சந்தோஷத்தில் கத்தித் தீர்த்தன. துடுப்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆய்வாளரே! மடுவுக்குள் இறங்கிப் பார்த்தீரா?"

"இறங்குவதா? நான் ஆய்வாளர், அம்மா! நின்ற இடத்திலிருந்தே எனக்கு எல்லாம் தெரியும்."

"சிப்பி என்ன வானத்திலா பறக்கிறது, நின்ற இடத்திலிருந்தே எண்ண? சேற்றுக்குள் இருப்பது உமக்கு எப்படித் தெரியும்? சரி, திட்டில் எண்ணினீரே, அவையெல்லாம் வாயைத் திறந்திருந்தனவா, மூடியிருந்தனவா?"

"எல்லாமே திறந்துதான் இருந்தன. என்னை வரவேற்பதுபோல!"

துடுப்பி வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். அடுத்துச் சொல்லவேண்டியதைச் சொன்னால் அவளுக்குத்தான் வெட்கக்கேடு. சொல்லாவிட்டால் நாளைக்கே மடு சேற்றுக்குழம்பு. கலங்கிய தண்ணீரில் குட்டிகள் எந்த மீனைப் பார்க்கும்? எதைப் பிடிக்கும்?

"உயிருள்ள சிப்பி, நிழல் விழுந்தாலே ஓட்டைச் சாத்திக்கொள்ளும். திறந்து கிடந்தவை எல்லாம் வெற்று ஓடுகள். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும்... நான் தின்றுவிட்டுப் போட்டவை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அடேயப்பா! அத்தனையும் ஒருத்தியேவா?" என்றது ஓர் எருமைக்கன்று.

கொக்காருக்குத் தெம்பு வந்துவிட்டது. "கேட்டீர்களா? தின்றவளே பரிந்து பேச வந்துவிட்டாள்! நேற்றுவரை ருசி, இன்றைக்குப் பாசமோ?"

"தின்றேன்தான், இல்லையென்றா சொன்னேன்? தின்றதால்தான் தெரியும், திட்டில் ஒன்றும் மிச்சமில்லை. இந்த ஆற்றில் மிச்சமிருப்பது மடுவில் மட்டும்தான். என் தப்பை நான் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். உம்முடையதைச் சொல்ல உமக்கு வாய் வருமா?"

கருங்கொம்பன் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான். "நான் யாரை நம்புவது?"

"யாரையும் நம்ப வேண்டாம், அண்ணே! ஆய்வாளரை மடுவின் ஓரத்தில் ஒரே ஒரு தரம் காலை வைக்கச் சொல்லுங்கள். போதும்."

"என் சிறகு நனையும்! எனக்குச் சளி பிடிக்கும்! என் தகுதி என்ன ஆவது?" என்று கொக்கார் கூவினார்.

கருங்கொம்பன் மடுவின் ஓரம்வரை நடந்தான். முதுகை ஓர் உலுக்கு உலுக்கினான். தொப்! கொக்கார் முழங்கால்வரை சேற்றில் நின்றார்.

"ஐயோ! கடிக்கிறது! விடு, விடு!"

அலறிக்கொண்டே காலைத் தூக்கினார். விரலைக் கவ்வியபடி ஒரு கொழுத்த சிப்பி தொங்கியது.

"ஒன்று!" என்றாள் துடுப்பி.

சிப்பிக்குக் கோபம் தாங்கவில்லை. பேசுவதற்காக வாயைத் திறந்தது. விரல் தப்பியது.

"வாசலில் நின்று ஒரு குரல் கொடுக்கத் தெரியாதா? படுத்திருப்பவர் மேலேயா காலை வைப்பது?" என்று திட்டிவிட்டுச் சேற்றுக்குள் போய்விட்டது.

துடுப்பி நான்கு நாணல் குச்சிகளைச் சதுரமாகக் கட்டினாள். அதைச் சேற்றில் பதித்து, உள்ளே கைவிட்டுத் துழாவினாள். முதல் இடத்தில் ஒன்பது சிப்பிகள். அடுத்த இடத்தில் பதினான்கு. மூன்றாவது இடத்தில் ஒன்றுமே இல்லை. அதையும் ஒளிக்காமல் சொன்னாள். எடுத்த ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே புதைத்தாள். அவற்றில் நகத்தளவு குஞ்சுச் சிப்பிகளும் இருந்தன.

கருங்கொம்பன் பெருமூச்சு விட்டான். "அரைநாள் நடந்தால் ஒரு களிமண் பள்ளம் இருக்கிறது. கிளம்புங்கள்!"

கன்றுகள் முனகின. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. துடுப்பியின் பக்கம் திரும்பினான்.

"நாங்கள் காலை எடுத்துவிட்டோம். நீ வாயை எடுப்பாயா?"

துடுப்பிக்கு ஒரு கணம் நாக்கில் அந்த ருசி வந்து போனது. பிறகு தலையசைத்தாள். "மடுச் சிப்பியைத் தொடமாட்டேன், அண்ணே. எங்களுக்கு மீன் போதும்."

மந்தை நகர்ந்தது. கொக்கார் சேற்றைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே பறந்துவந்தார். "அண்ணே, நானும் வரட்டுமா?"

"வாரும், உண்ணி தின்ன மட்டும் வாரும்! பள்ளத்தில் யார் இருக்கிறார்கள் என்று நானே இறங்கிப் பார்த்துக்கொள்கிறேன்!"

தன் காலை நனைக்காதவர் சொல்லும் கணக்கை நம்பி, அடுத்தவர் வீட்டின் மேல் யாரும் காலை வைக்கக் கூடாது.