ரேணுகா கேட்காத பேச்சு

ஈப்போ நகருக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் இருந்த ஓர் இடைநிலைப் பள்ளியில் குணவதி டீச்சர் தமிழ் கற்பித்தார். அதிகம் பேசமாட்டார். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறவர் இப்படி இருக்கிறாரே என்று மற்ற ஆசிரியர்கள் சிரிப்பார்கள்.

அவரிடம் பயின்றவர்களில் ஒருத்தி ரேணுகாதேவி. நான்காம் படிவ மாணவி, பதினாறு வயது. லாரி ஓட்டும் சன்னாசியும் அவர் மனைவி பாக்கியமும், அவளைக் கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு சீனக் குடும்பத்திலிருந்து தத்தெடுத்து வளர்த்தார்கள். வீட்டில் தமிழ். கோயிலில் தமிழ். கனவிலும் தமிழ்தான். முகம் மட்டும் சீன முகம்.

அந்த முகத்தால் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. யார் எது சொன்னாலும், அதற்குப் பின்னால் வேறு என்ன இருக்கிறது என்று தேடுவாள்.

கல்யாண வீடுகளில் பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளி, "எவ்ளோ அழகா தமிழ் பேசுது பாரு" என்பார்கள். பக்கத்தில் அவள் சித்தி மகளும் அதே தமிழைத்தான் பேசிக்கொண்டிருப்பாள். அந்தப் பெண்ணின் கன்னத்தை யாரும் கிள்ளியதில்லை. நூடுல்ஸ் விற்கும் மீ கடையின் சீனக் கிழவர் கன்டனீஸ் மொழியில் ஏதோ கேட்பார். ரேணுகா மலாயில் பதில் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பள்ளியில் சீன மாணவிகள் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பாள். தமிழ் மாணவிகள் பேச்சை நிறுத்தினால் அதுவும் தன்னால்தான்.

அந்த வருடம் மாநிலப் பேச்சுப் போட்டிக்கு டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்தார். பள்ளித் தேர்வுச் சுற்றில் இரண்டாவதாக வந்தவன் ஐந்தாம் படிவத்து லோகேஸ்வரன். சிற்றுண்டிச்சாலையில் அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"வாழ்த்துகள் லா. டீச்சர் கெட்டிக்காரங்க."

"ஏன்?"

"நான் போய்ப் பேசினா இன்னொரு தமிழன் பேசுறான், அவ்வளவுதான். நீ வணக்கம்னு சொன்னாலே நீதிபதிங்க உருகிடுவாங்க. அந்த மூஞ்சிக்கே பாதிப் புள்ளி."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. நியாயம் பேசுகிறவன் போலச் சொன்னான். அதுதான் அவளைத் தைத்தது. அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

பள்ளி முடிந்ததும் வகுப்புக்குப் போனாள். டீச்சர் வெண்பலகையை அழித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என்னை எதுக்குத் தேர்ந்தெடுத்தீங்க? பேச்சுக்கா, மூஞ்சிக்கா?"

டீச்சர் அழிப்பதை நிறுத்தவில்லை.

"உன் மூஞ்சி இல்லாம உன் பேச்ச நான் கேட்டதே இல்லையே. எப்படிப் பிரிச்சுச் சொல்றது?"

'பேச்சுக்குத்தான்' என்று அவர் சொல்லியிருந்தால் ரேணுகா நம்பியிருக்கமாட்டாள். ஆனாலும் அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"அப்போ மூஞ்சிக்கும்தான்."

"நான் அப்படிச் சொல்லல."

"இல்லைன்னும் சொல்லல."

"வெள்ளிக்கிழமை கீழ்ப்படிவப் பிள்ளைங்களுக்குப் போட்டி இருக்கு. நீதிபதிக்கு ஆள் குறையுது. நீ வந்து உக்காரு."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க டீச்சர்."

"வெள்ளிக்கிழமை," என்றார் டீச்சர்.

அந்த வாரம் முழுக்க அவள் டீச்சரைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். எதற்காகத் தன்னை நீதிபதியாக்குகிறார்? மேடையில் தன் முகத்தைக் காட்டுவது போதாதென்று இதிலும் காட்டவா?

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் அமர்ந்தார்கள்: டீச்சர், வரலாறு கற்பிக்கும் மாரிசாமி சார், ரேணுகா. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பேசினார்கள். ரேணுகா கவனமாகக் கேட்டுப் புள்ளி போட்டாள். அவளுக்கே அது பிடித்திருந்தது.

பிறகு முதல் படிவத்து நிரோஷினி மேடை ஏறினாள். அம்மா இந்த ஊர்த் தமிழ்ப் பெண். அப்பா கானா நாட்டிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நிரோஷினியின் முடி தலையோடு ஒட்டிய சிறு பின்னல்களாக இருந்தது.

மண்டபம் அமைதியானது. ரேணுகாவுக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். வாசலில் லோகேஸ்வரன் கைகட்டி நின்றான். தன் கையிலிருந்த பேனாவையே அவன் பார்ப்பதாக ரேணுகாவுக்குத் தோன்றியது.

அதிகம் போட்டால், இதுவும் தன்னை மாதிரி என்று போட்டுவிட்டாள் என்பார்கள். சிரித்தது யார்? அந்த மூன்றாம் வரிசைப் பையனா? மாரிசாமி சார் ஏன் இப்படித் தலையாட்டுகிறார்? எல்லோருக்கும் இப்படித்தான் ஆட்டினாரா?

திடீரென்று கைதட்டல் எழுந்தது. பெரிய கைதட்டல். அதுவும் அவளுக்குத் தெரியும். கன்னத்தைக் கிள்ளுகிற கைதட்டல். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பரிதாபப்பட்டுப் போட்டாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. குறைவாகப் போட்டாள்.

நிரோஷினிக்கு நான்காம் இடம். மாவட்டப் போட்டிக்கு முதல் மூவர் மட்டும்தான் போகமுடியும்.

மண்டபம் காலியான பிறகு ரேணுகா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிரோஷினி பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, நான் எந்த இடத்துல தப்பு பண்ணேன்?"

ரேணுகா நிமிர்ந்தாள்.

"எல்லாரும் கைதட்டுறாங்க. தப்பு என்னான்னு யாருமே சொல்லமாட்றாங்க. நீங்க சொல்லுங்க."

ரேணுகா நினைவுபடுத்திப் பார்த்தாள். பின்னல்கள் நினைவில் இருந்தன. சிரிப்பு இருந்தது. வாசலில் நின்றவனின் கைகள் இருந்தன. இந்தப் பெண் பேசியதில் ஒரு வரிகூட இல்லை.

உச்சரிப்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் பொருந்தும் பதில். ஆனால் நிரோஷினி கண்களைச் சுருக்கி, வரப்போகும் பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் தினமும் பார்த்த பார்வை.

"நான் கேக்கல," என்றாள் ரேணுகா.

"என்னா?"

"நீ பேசினத நான் கேக்கவே இல்ல. உன்னையும் உன்னைப் பாக்குறவங்களையும் பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."

"என் மூஞ்சியவா?"

"ஆமா."

நிரோஷினி பையின் வாரை இழுத்துக்கொண்டாள். போய்விடுவாள் என்று ரேணுகா நினைத்தாள். அவள் போகவில்லை. பையைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"அப்போ இப்பக் கேளுங்க."

பாதி அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே நின்று அவள் மறுபடியும் பேசினாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாமா என்று ரேணுகாவுக்குத் தோன்றியது. மூடவில்லை.

மழையில் அவர்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்த கதை. அப்பா கடவுச்சீட்டைத் தேடுகிறார். அம்மா ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு மேசைமேல் ஏறுகிறார். ரேணுகா வாய்விட்டுச் சிரித்தாள்.

முடிந்ததும் சொன்னாள். "கடைசி வரிய விழுங்கிட்ட. கைதட்டுவாங்கன்னு முன்னாடியே நிறுத்திடுற. அப்புறம், வெள்ளம்னு சொல்லு."

"வெல்லம்."

"வீட்டுக்குள்ள வெல்லமா வந்துச்சு?"

நிரோஷினி ஒரு கணம் விழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நாக்கை மடித்து, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தாள்.

ரேணுகா ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"டீச்சர், நிரோஷினிக்கு நான் போட்டது தப்பு. மாத்துங்க."

"அறிவிச்சாச்சு. மூணாவது வந்த பையனும் ஒழுங்காத்தான் பேசினான். அவன்கிட்டேருந்து எப்படிப் புடுங்குறது?"

"என்னாலதான் அவ போகமுடியல."

"ஆமா," என்றார் டீச்சர்.

ஆறுதலாக ஒரு சொல்லும் வரவில்லை. ரேணுகா சந்தேகமாகப் பார்த்தாள்.

"நான் இப்படிச் செய்வேன்னு தெரிஞ்சுதான் உக்கார வெச்சீங்களா?"

"தெரியாது. நீ நல்லாக் கேப்பேன்னு நெனச்சேன்." டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அந்தப் பிள்ளைக்கு நானும் பதில் சொல்லணும்."

முதல்முறையாக ரேணுகாவுக்கு அந்தச் சொற்களுக்குப் பின்னால் தேட எதுவும் கிடைக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை அவளை வரச்சொல்லியிருக்கேன் டீச்சர். நான் சொல்லித் தரேன்."

டீச்சர் தலையசைத்தார்.

மாநிலப் போட்டி ஒரு பெரிய நகர மண்டபத்தில் நடந்தது. மேடைக்குப் பக்கத்தில், திரையின் ஓரமாக ரேணுகாவும் டீச்சரும் நின்றார்கள். முன் பேசிய மாணவன் இறங்கிக்கொண்டிருந்தான். அவள் பெயரை அழைத்தார்கள்.

ரேணுகா நகரவில்லை.

"டீச்சர், நான் ஏறினதும் மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

"ம்."

"கேக்காமலே கைதட்டுவாங்க. இல்லேன்னா கேக்காமலே குறைப்பாங்க. நான் செஞ்ச மாதிரி."

"செய்யலாம்."

"அப்போ நான் என்னா செய்யட்டும்?"

"பாக்கட்டுமே," என்றார் டீச்சர். "உன் மூஞ்சிதானே."

ரேணுகா மேடை ஏறினாள். ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றாள். மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பிறகு அமைதியானது.

அவள் பேசத் தொடங்கவில்லை. முகத்தை நிமிர்த்தி, அவர்கள் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.