மாப்பிள்ளையின் அம்மா வெளியே இருக்கிறாள்

“இன்னும் எத்தனை மாதம் அக்கா என்னைப் பின்வரிசையில இருத்தி வைக்கப்போறீங்கள்?” என்று கேட்டான் குகதாசன்.

ஃபிலோமினா கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். 

மார்செய் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. அவர்கள் நாலு பேரும் வாரத்தில் மூன்று நாள் அங்கே கூடி வாசிப்பார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் தங்கள் கல்யாணங்களில் வாசிக்கிற கிளெஸ்மர், தெற்கு ஸ்பெயினின் ஜிப்சிகளான கித்தானோ சனங்கள் கைதட்டிப் பாடுகிற ஃபிளமெங்கோ, கூடவே ஒரு அல்ஜீரியக்காரனின் முழவு, குகதாசனின் வயலின். எல்லாம் ஒரே பானையில் வேகும்.

குழுவை நடத்துகிறவள் ஃபிலோமினா. புதுச்சேரிக்காரி. மார்செயில் தன் வீட்டு மேல்மாடியில் குடியிருந்த ருமேனிய யூதத் தையற்காரர் ஒருவரிடம் ஒன்பது வருடம் கிளாரினெட் கற்றவள்.

குகதாசன் யாழ்ப்பாணத்தான். அவளைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் அவளிடம் கற்க வந்தவன் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவனைப் பார்த்து ஸ்பானியக் கித்தார்க்காரன் குர்ரோவும் அக்கா என்று கூப்பிடப் பழகிவிட்டான்.

பதினொரு வருடத்தில் ஐந்து குழு மாறியவன் குகதாசன். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும். நின்றால் நடப்பான்.

“எனக்கு என்ன வரேல்லை எண்டு சொல்லுங்கோ. கிளெஸ்மர் வருகுது. ஃபிளமெங்கோ வருகுது. பன்னிரண்டு எண்ணிக்கைத் தாளம், மூண்டு மூண்டு ரெண்டு ரெண்டு ரெண்டு, நித்திரையில எழுப்பினாலும் பிழைக்காது. பிறகும் எந்தக் கல்யாணத்திலயும் குர்ரோதான் முதல்ல தொடங்கிறான்.”

“வாசிங்க,” என்றாள் ஃபிலோமினா.

மணப்பெண்ணை அழ வைப்பதற்கென்றே கிளெஸ்மரில் ஒரு மெட்டு உண்டு. அதை எடுத்தான். சுரம் பாதியில் உடைந்து விம்ம வேண்டும். விம்மியது. ஒரு இடத்திலும் பிசகவில்லை. முழவுக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஃபிலோமினா எழுந்து வந்தாள். தன் கைக்குட்டையை எடுத்து அவனுடைய இரண்டு கண்களிலும் ஒற்றினாள். ஜன்னல் வெளிச்சத்தில் அதை விரித்துப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது.

மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

குர்ரோ சிரித்துவிட்டான். குகதாசனுக்கு முகம் கறுத்தது.

“லிஸ்பன்ல ஒரு குழு கூப்பிடுது. நான் திங்கக்கிழமை போறன்.”

“ஞாயித்துக்கிழமை கல்யாணம் இருக்கே.”

“அதை முடிச்சிட்டுத்தான் போவன்.”

“சரி,” என்றாள்.

போக வேண்டாம் என்று சொல்வாள் என நினைத்திருந்தான். அன்று மாலை துறைமுகத்தை மூன்று தடவை சுற்றி நடந்தான். கால் ஓயவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண் வீடு யூதக் குடும்பம். மாப்பிள்ளை கித்தானோ. அதனால்தான் இந்தக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பகல் மூன்று மணிக்குப் பெண் மணப்பந்தலின் கீழ் வரவேண்டும். மூன்றே கால் ஆயிற்று. மாப்பிள்ளை பந்தலுக்குள் வர மறுத்து வாசலிலேயே நின்றான்.

அவனுடைய அம்மா ரெமெதியோஸ் மண்டபத்துக்குள் வரவில்லை. வண்டிகள் நிற்கிற இடத்தில், காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய புருஷன் செத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கல்யாணத் தேதியைக் குறித்துவிட்டுச் செத்துப்போனார்.

கூப்பிடப் போன குர்ரோ திரும்பி வந்தான்.

“எங்க சனத்தில சாவு விழுந்தா ஒரு வருஷத்துக்குப் பாட்டு கிடையாது. ரேடியோகூடப் போட மாட்டோம். என்னைப் பார்த்ததும், ‘நீயும் நம்ம ஆள்தானே, கித்தாரோட வந்து நிக்கிறியே’ன்னு கேட்டாங்க. ”

ஃபிலோமினா குகதாசனைப் பார்த்தாள்.

“நீங்க போங்க.”

“நானோ? எனக்கு ஸ்பானிஷ் தெரியாது. அவையின்ர வழக்கமும் தெரியாது.”

“அதனாலதான் சொல்றேன்.”

போனான். வயலினை விட்டுவிட்டுப் போ என்று குர்ரோ சொன்னது காதில் விழுந்தது. விடவில்லை. இத்தனை நாள் கேட்ட கேள்விக்கு இன்றைக்கு வாசித்தே பதில் காட்டுகிறேன் என்று ஒரு வேகம்.

காருக்கு நாலு அடி தள்ளி நின்று, ஃபிளமெங்கோவில் சாவுக்கென்று பாடுகிற பாட்டு ஒன்றை வாசித்தான்.

ரெமெதியோஸ் முடியும்வரை கேட்டாள். பிறகு உடைந்த பிரெஞ்சில் பேசினாள்.

“யார் சொல்லிக்கொடுத்தது?”

“பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கற்றேன்.”

“பாடினவர்கள் எல்லோரும் செத்துப்போனவர்கள். அவர்களைத் தூங்க விடு. வயலினைப் பெட்டியில் வைத்து மூடு.”

மூடினான். திரும்பிப் போவதா, நிற்பதா என்று தெரியவில்லை. பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். இரண்டு எட்டு நடந்தான். திரும்பி வந்தான்.

“உன் வீட்டில் யார் செத்தது?” என்று கேட்டாள்.

அவன் எதிர்பார்க்கவில்லை.

“அம்மா. ஒன்பது வருடம் ஆகிறது.”

“என்ன செய்தாய்?”

“ஜெனீவாவில் கச்சேரி. இடைவேளையில் செய்தி வந்தது. மிச்சப் பாதியையும் வாசித்தேன்.”

“பிறகு?”

“அடுத்த ஊருக்குப் போனேன்.”

“பிறகு?”

“அதற்கு அடுத்த ஊர்.”

ரெமெதியோஸ் அப்போதுதான் அவனுடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். காரின் பக்கத்தில் இருந்த தடுப்புக் கல்லைக் கையால் காட்டினாள்.

“உட்கார்.”

உட்கார்ந்தான். கால் ஆடியது. பையில் இருந்த தொலைபேசி அதிர்ந்தது. மண்டப வாசலில் யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னொரு தடவை அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை.

 

ரெமெதியோஸ் எப்போது தொடங்கினாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. விரல் முட்டிகளால் காரின் கதவில் தட்டிக்கொண்டிருந்தாள். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. பிறகு தொண்டைக்குள்ளேயே பாடினாள். வெளியே கேட்கக் கூடாது என்று பாடுகிற பாட்டு. குரல் கரடுமுரடாக இருந்தது.

முதல் அடி வந்தது. இரண்டாவது அடி வந்தது.

மூன்றாவது அடியை எடுக்க வாயைத் திறந்தாள். மூச்சு நின்றுவிட்டது.

அடுத்து வரவேண்டிய சுரம் குகதாசனின் இடது கை விரல்களுக்குத் தெரியும். விரல்கள் தாமாக அசைந்தன. அவன் அந்தக் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான்.

விரல் முட்டிகள் மட்டும் கதவில் தட்டின. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அந்த அடி முழுவதும் வெறுமையாகப் போயிற்று.

“இது அவர் பாடுகிற இடம்,” என்றாள் ரெமெதியோஸ். “முப்பத்தொரு வருடம். நான் இரண்டு அடி, அவர் ஒரு அடி.”

  தன் கால் ஆடுவது எப்போது நின்றது என்று குகதாசனுக்குத் தெரியாது.

அவள் எழுந்து உடையைத் தட்டிச் சரிசெய்தாள்.

“தேதி வைத்தது அவர்தான். போகாவிட்டால் என்னோடு சண்டைக்கு வருவார்.”

அவன் தோளில் ஒரு தடவை கையை ஊன்றிவிட்டு நடந்தாள். அவன் பின்னால் போனான்.

அவள் படியேறி வருவதைக் கண்டதும் ஃபிலோமினா கிளாரினெட்டை மடியில் வைத்தாள். குர்ரோ கித்தாரைக் கவிழ்த்து வைத்தான். முழவும் தரைக்குப் போயிற்று.

வாத்தியம் இல்லாமல் கல்யாணம் நடந்தது. பெண் நடந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. யூத வழக்கப்படி மாப்பிள்ளை கண்ணாடிக் குவளையைக் காலால் மிதித்து உடைத்தது கடைசி வரிசைவரை கேட்டது.

அதற்கு மேல் என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கறுப்பு உடைக்காரியைப் பார்த்தார்கள். மகன் அவள் கையைப் பிடித்தபடி நின்றான்.

 ரெமெதியோஸ் வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

“வாசியுங்கள்.”

குர்ரோ கித்தாரை எடுத்தான். ஃபிலோமினா அவன் கைமேல் கை வைத்து நிறுத்திவிட்டு, குகதாசனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவன் எழுந்தான். வயலினைத் தோளில் வைத்தான். 

“என்ன வாசிக்கிறது அக்கா?”

“வெளியில அந்தம்மா என்ன பாடினாங்க?”

யோசித்தான். மெட்டை மனதுக்குள் தேடினான். கிடைக்கவில்லை.

“பாட்டு நினைவில இல்லை,” என்றான். “மூண்டாவது அடியில மூச்சு நிண்டிட்டுது. அது புருஷன் பாடுற இடமாம். அவ பாடேல்லை. நானும்…”



ஃபிலோமினா கிளாரினெட்டை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

“அங்கருந்து எடுங்க,” என்றாள்.