இடது காலின் அளவு

"இந்தக் கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது டீச்சர்" என்றார் சிகாமணி.

வல்லி டீச்சர் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "அதுகிட்ட என்ன பேசினீங்க?"

"நில்லுன்னேன்."

"அப்புறம்?"

"நில்லுடான்னேன்."

சிகாமணி கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் மைதானமே விறைத்து நிற்கும். மைதானத்தையே நிறுத்தியவரால் ஒரு காலை நிறுத்த முடியவில்லை.

மழைக்காலத்தில் பக்கவாதம் வந்து அவருடைய இடது பக்கத்தைத் தட்டிவிட்டுப் போயிருந்தது. கை ஓரளவு திரும்பி வந்தது. காலும் வந்தது, ஆனால் அரை மனதாக வந்தது. தரையில் வைத்தால் வைத்தது தெரியாது.

கோயம்புத்தூரிலிருந்து மகன் ரூபன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான்.

"வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடுங்கப்பா. அந்தப் படிக்கட்டுல தனியா விழுந்து கிடந்தா யார் தூக்குவா?"

"இடது கால்ல நின்னு காட்டினா?"

"காட்டுங்க. அப்புறம் நான் வாயே திறக்கல. கிறிஸ்துமஸுக்கு வரேன்."

சிகாமணிக்கு அந்த மலையை விட்டால் வேறு ஊர் கிடையாது. மனைவியைப் புதைத்த இடம் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் தன் வயதில் பாதிகூட ஆகாத பெண்ணிடம் வந்து, டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டு, யோகா கற்றுக்கொண்டிருந்தார். ஒற்றைக் காலில் நிற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

வகுப்பு நடந்தது ஒரு பழைய உருளைக்கிழங்குக் கிடங்கில். கார்த்திகைக் காலையில் அந்த சிமெண்டுத் தரையில் பாதம் பட்டால் குளிர் உச்சந்தலை வரை ஏறும்.

"குளிர்ல கால் இன்னும் கட்டையாயிடுது டீச்சர்."

மறுநாள் கடையில் வாங்கிய காலுறையைப் போட்டுக்கொண்டு வந்தார். வலது காலைத் தூக்கினார். இடது கால் வழுக்கியது. டீச்சர் அக்குளில் கை கொடுத்துப் பிடிக்காவிட்டால் பல் போயிருக்கும்.

"கழட்டுங்க சார்" என்றார் டீச்சர். "நீங்களே பின்னிப் போட்டுக்குங்க."

"என்னது?"

டீச்சர் அலமாரியிலிருந்து இரண்டு பின்னல் ஊசிகளும் சாம்பல் நிறக் கம்பளி நூலும் எடுத்துக் கொடுத்தார்.

"விரல் வெளியே தெரியணும். குதிகாலும் வெளியே தெரியணும். தரையைப் பிடிக்கிறது அதுங்கதான். நடுப்பாதத்தையும் கணுக்காலையும் மூடினா போதும்."

"முன்னாடியும் ஓட்டை, பின்னாடியும் ஓட்டை. அப்புறம் அது என்ன காலுறை?"

"பின்னிட்டு வந்து கேளுங்க."

"அதுவரைக்கும்?"

"பாய் விரிக்க வேண்டாம்."

டிரில் மாஸ்டரைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு! சிகாமணிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஊசியில் கண்ணி ஏற்றுவது எப்படி, கண்ணிக்குள் நூலை இழுப்பது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கிளம்பினார்.

வாதம் தொட்ட விரல்கள் ஊசியை நழுவ விட்டன. அவர் விடவில்லை. கண்ணி கழன்றது. மறுபடி ஏற்றினார். வாசலில் உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்துப் பால்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அடுத்த நாளும் அதே வாசலில் உட்கார்ந்தார். உடும்புப் பிடி.

பின்னி முடித்துக் கொண்டுவந்தபோது அவருக்கே பெருமை தாங்கவில்லை. காலில் மாட்டினார். விசில் ஊதிய காலத்து மிடுக்கோடு வலது காலைத் தூக்கினார்.

காலுறை பாதத்தைச் சுற்றித் திரும்பியது. குதிகாலுக்கு விட்ட ஓட்டை பக்கவாட்டுக்குப் போய், கம்பளி குதிகாலுக்கு அடியில் வந்தது. மறுபடியும் டீச்சரின் கைதான் அவரைத் தாங்கியது.

"எந்தக் காலுக்கு அளவு பார்த்தீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"வலது காலுக்கு."

"போட்டது?"

"இடது கால்ல. ரெண்டும் ஜோடிதானே? நல்லா இருக்கிறதைத்தானே டீச்சர் அளவா வைக்கணும்? பள்ளிக்கூடத்துலயும் நான் அப்படித்தான். முதல்ல ஓடுறவன்தான் அளவு. மத்தவன் எல்லாம் அவனை எட்டிப் பிடிக்கணும்."

"எல்லாரும் பிடிச்சாங்களா?"

"சில கழுதைங்க கடைசி வரைக்கும் பிடிக்கல. என் மகனே அதுல ஒருத்தன்."

டீச்சர் குனிந்து காலுறையைக் கழற்றினார். நூல் முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சை அவிழ்த்து, இழுத்தார்.

வரிசை வரிசையாக எல்லாம் அவிழ்ந்தது.

"டீச்சர்! கிறிஸ்துமஸ் நெருங்கிடுச்சு டீச்சர்!" சிகாமணிக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் நூலை உருண்டையாகச் சுற்றினார். சிகாமணியைச் சுவரோரமாக உட்கார வைத்தார். அவருடைய இடது காலைத் தூக்கி அவர் மடியிலேயே வைத்து, நூல் உருண்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த வகுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

சிகாமணி தன் காலைப் பார்த்தார்.

நோய் வந்த நாளிலிருந்து அதைத் திட்டியிருக்கிறார். சனியன் என்றிருக்கிறார். கட்டில் காலில் இடித்துக்கொண்டபோது, வேண்டும் உனக்கு என்றிருக்கிறார். ஆசையாக ஒரு முறைகூடத் தொட்டதில்லை.

நூலை எடுத்துப் பாதத்தைச் சுற்றினார். பிறகு வலது பாதத்தைச் சுற்றிப் பார்த்தார். வலது பாதத்துக்கு நூல் இன்னும் நிறைய வேண்டியிருந்தது.

"அடப்பாவி" என்றார் மெதுவாக. "இவ்வளவு இளைச்சுப் போயிட்டியா? இந்த உடம்பை வச்சுக்கிட்டா என்னைத் தூக்கிட்டு நடந்தே?"

அவருக்கு அந்தக் காலின் மேல் இரக்கம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டு, சூடேறும்வரை உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் கொஞ்சம் பின்னுவார், காலில் வைத்துப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் பின்னுவார், தேய்த்துவிட்டு மறுபடி வைத்துப் பார்ப்பார். முடித்துக் கொண்டுபோனதும் டீச்சர் புரட்டிப் பார்த்தார்.

"பாயை விரிங்க சார்."

கிறிஸ்துமஸுக்கு ரூபன் வந்தான். பெட்டியைக் கட்டினான், வீட்டைப் பூட்டினான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கிடங்குக்கு வந்தான்.

"சரிப்பா. நின்னு காட்டுங்க."

சிகாமணி வலது காலைத் தூக்கினார். உடம்பு ஆடியது. கொஞ்ச நேரம்தான். தூக்கிய கால் தொப்பென்று தரைக்கு வந்தது.

"போதும்பா. விட்டுடுங்க" என்றான் ரூபன். அப்பாவின் கத்தலுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டான். சிறு வயதுப் பழக்கம், இன்னும் போகவில்லை.

சிகாமணி கத்தவில்லை. குனிந்து இடது பாதத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"பரவால்லடா. அவசரமே இல்ல. உன்னால முடிஞ்ச மட்டும் நில்லு."

பிறகு நிமிர்ந்து மறுபடி காலைத் தூக்கினார். இடது காலின் விரல்கள் விரிந்து பாயைப் பிடித்தன. ஆடினார், ஆடியபடியே நின்றார். மூச்சை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். நின்றுகொண்டே இருந்தார்.

"இறக்குங்கப்பா" என்றான் ரூபன். சாவியைப் பாயின் ஓரத்தில் வைத்தான். "நீங்க இங்கேயே இருங்க. நான் அடிக்கடி வந்து பார்த்துக்கிறேன்."

சிகாமணிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

ஆனால் ரூபன் போகவில்லை. அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"பரவால்லடான்னு சொல்ல உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டான். "பள்ளிக்கூடத்துல நான் கடைசியா ஓடி வந்தப்ப எல்லாம் எல்லைக் கோட்டுக்கிட்ட நீங்கதானே நின்னீங்க."

சிகாமணி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.



சிகாமணி மெல்லக் கீழே உட்கார்ந்தார். பையைத் திறந்து, மிச்சமிருந்த நூலை எடுத்து, முனையைப் பிரித்தார்.

"ஷூவைக் கழட்டுப்பா" என்றார் மகனிடம். "ரெண்டு காலையும் நீட்டு."