ரப்பர் லேசில் ஒரு முடிச்சு

தூத்துக்குடிக் கடற்கரையில் டெல்பின் என்ற பயிற்சியாளரிடம் பத்துப் பன்னிரண்டு பேர் ட்ரையத்லான் பழகினார்கள். கடலில் நீந்திக் கரையேற வேண்டும், உடனே சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கியதும் ஓட வேண்டும். மூன்றும் சேர்ந்து ஒரே போட்டி.

டெல்பினுக்கு முப்பத்தோரு வயது. சீடர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். கயிற்றுக்கடை ஆதிலிங்கம் அவருடைய அப்பாவைவிடவே மூத்தவர். எல்லாரும் டெல்பினை 'கோச்' என்றார்கள். டெல்பின் ஆதிலிங்கத்தை 'அண்ணாச்சி' என்றார்.

டெல்பினிடம் ஒரு வழக்கம் உண்டு. வாரத்தில் ஒரு நாள் யாரும் நீந்தக் கூடாது, மிதிக்கக் கூடாது, ஓடக் கூடாது. வாளித் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு ஷூ போட வேண்டும், கழற்ற வேண்டும், மறுபடி போட வேண்டும். சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுகிற இடத்தில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள் என்பது அவர் எண்ணம். அதை நாலாவது போட்டி என்பார். கரையில் சுண்டல் விற்கிறவர், இவர்களெல்லாம் ஷூக்கடை வேலைக்குப் பழகுகிறார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் ஆதிலிங்கம் கோட்டை விட்டது அந்த இடத்தில்தான். சைக்கிளை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மரத்துப்போன விரல்களால் லேஸ் கட்டினார். பார்த்துப் பார்த்துக் கட்டினார். ஓடி எல்லைக்கோட்டுக்கு வந்தபோது போட்டிக்குக் கொடுத்த நேரம் முடிந்திருந்தது. கோட்டுக்கு மேல் நின்ற பலூன் வளைவின் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். அது குப்புறப் படுத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆதிலிங்கம் அதைத் தாண்டிக் குதித்துத்தான் ஓட்டத்தை முடித்தார். நேரத்துக்குள் முடிக்கிறவர்களுக்குத்தான் பதக்கம், இவருக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். லேஸ் கட்டிய நேரத்தில் பாதி கையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

இந்த வருடம்தான் கடைசி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். முழங்காலைப் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். பதக்கம் வாங்காமல் விடுவதற்கு ஆதிலிங்கத்துக்கு மனசில்லை.

டெல்பின் அவருக்கு ஒரு ஜோடி ரப்பர் லேஸ் கொடுத்தார். ஒரு தடவை காலுக்கு ஏற்றபடி கோத்து, கிளிப்பைத் தள்ளிப் பூட்டி, நுனியை வெட்டிவிட்டால் போதும். அப்புறம் கட்டவும் வேண்டாம், அவிழ்க்கவும் வேண்டாம். காலை நுழைத்தால் இழுபட்டு வழிவிடும். நுழைந்ததும் பிடித்துக்கொள்ளும்.

மறுவாரம் ஆதிலிங்கம் அந்த லேசோடு வந்தார். கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ரப்பரை இழுத்து, அதில் இரட்டைச் சுற்று முடிச்சு போட்டிருந்தார்.

"லிஃப்டுக்குள்ள நின்னுகிட்டுப் படி ஏறுதாப்ல இருக்கு அண்ணாச்சி" என்றார் கூடப் பழகும் பல் டாக்டர் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள்.

டெல்பின் சிரிக்கவில்லை. மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஆதிலிங்கத்தின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.

"இந்த முடிச்சு எங்க படிச்சீங்க அண்ணாச்சி?"

"எங்கண்ணன் முடிச்சு கோச்."

"கடையில இருக்காவளே, அந்த அண்ணனா?"

"அவன்தான், சுடலைமணி. நாங்க ரெண்டு பேரு, எங்களுக்கு ஷூ ஒண்ணு."

அப்போது ஆதிலிங்கம் ஏழாம் வகுப்பு, சுடலைமணி ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் ஒரு பிடிவாதக்காரர். வெள்ளை கேன்வாஸ் ஷூ இல்லாதவன் ஓட்டக் கோட்டுப் பக்கமே வரக் கூடாது என்பார். அப்பாவால் ஒரு ஜோடிதான் வாங்க முடிந்தது. அதைப் பெரியவன் காலுக்கு வாங்கினார். விளையாட்டு விழாவில் பெரிய பையன்களின் எண்ணூறு மீட்டர் முடிந்த கையோடு சின்னப் பையன்களின் எண்ணூறு மீட்டர். அண்ணன் ஓடி முடித்தால் நிற்க மாட்டான். கோட்டைத் தாண்டி அப்படியே தம்பியிடம் வந்துவிடுவான். தம்பி வேப்பமரத்தடியில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"ஷூ சுடும் கோச். அண்ணன் கால் சூடு. வேர்வை வேற. இன்னைக்கும் புது ஷூ எதையாவது போட்டா, உள்ள ஜில்லுன்னு இருக்கேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிரும்."

ஆதிலிங்கம் ஷூவின் முனையைத் தொட்டுக் காட்டினார்.

"முன்னாடி பேப்பரச் சுருட்டித் திணிப்பான். மண்டி போட்டுக் கட்டுவான். ஒரு சுத்து, இன்னொரு சுத்து, ஒரு காது, மிச்சத்த மடிச்சு உள்ள சொருகிருவான். கெண்டக்கால்ல ஒரு அடி. 'ஓடுலே'ம்பான். ஓடிருவேன்."

"ஜெயிச்சீங்களா?"

"மூணு வருஷம் ஃபர்ஸ்ட். கப்பு கடையில இருக்கு."

"அண்ணன்?"

ஆதிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. "அவன் ஒரு தடவையும் ஜெயிக்கல. முத சுத்து நல்லா வருவான், ரெண்டாம் சுத்துல சொங்கிப் போயிருவான். தம் கிடையாது. கல்யாண வீட்ல நாலு பேரு கூடுனா நான் அவன மாதிரி ஓடிக் காட்டுவேன். காலத் தேச்சுத் தேச்சு ஓடுவான். எல்லாரும் சிரிப்பாவ. அவனும் சிரிப்பான்."

அலை ஒன்று வந்து வாளியை நகர்த்தியது. டெல்பின் எழுந்து அதை மேலே எடுத்து வைத்தார்.

"கோச், ஒண்ணு கேக்கேன்" என்றார் ஆதிலிங்கம். "இந்த ரப்பரப் போட்டா நேரம் மிச்சமாகும். சரி. எங்கண்ணன் முடிச்ச விட்டுட்டு, மிச்சமான அந்த நேரத்த வச்சு நான் என்ன செய்ய?"

டெல்பின் பையிலிருந்து ஒரு ஜோடி சாதாரண லேசை எடுத்துக் கொடுத்தார்.

"இதக் கோத்து அண்ணன் முடிச்சையே போடுங்க. அந்தப் படகு வரைக்கும் வேகமா ஓடிட்டு வாங்க."

ஆதிலிங்கத்துக்குச் சந்தோஷம். முடிச்சை அழகாகப் போட்டார். ஈர மணலில் ஓடினார், வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

"இப்ப அவுங்க."

குனிந்தார். முடிச்சு தண்ணீர் குடித்து இறுகியிருந்தது. நகம் வழுக்கியது. முடிச்சின் காதைப் பிடித்து இழுத்தார், இன்னும் இறுகியது. மூச்சு வாங்கியதில் கண்ணும் சரியாகத் தெரியவில்லை.

"சின்னப் பசங்கள கோட்டுக்குக் கூப்பிடுதாவ அண்ணாச்சி" என்றார் டெல்பின்.

ஆதிலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளிப் பார்த்தார். ஒரு கால்கூட அவிழவில்லை.

"பி.டி. வாத்தியாரு விசில வாயில வச்சிட்டாரு."

ஆதிலிங்கம் நிமிர்ந்தார்.

"ஓடி வந்த கையோட உங்கண்ணன் இத எப்படி அவுத்தாவ?"

ஆதிலிங்கம் யோசித்தார். குனிந்து கட்டுகிற அண்ணனின் தலை ஞாபகம் இருந்தது. எண்ணெய் மினுங்கும் அந்தத் தலையில் ஒட்டியிருந்த புழுதிகூட ஞாபகம் இருந்தது. அவிழ்த்தது மட்டும் ஞாபகமே இல்லை.

"தெரியலையே கோச்."

"கேட்டுட்டு வாங்க."

மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் அவர்கள் கடை. சுடலைமணி நைலான் கயிற்றை முழம் போட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தார். தம்பி ஈர ஷூவோடு வந்து எதிரில் நின்றார்.

"அண்ணே, ஸ்போர்ட்ஸ்ல ஓடி வந்து எனக்கு ஷூவக் கழத்தித் தருவியே, லேச எப்படி அவ்ளோ சீக்கிரம் அவுத்த?"

"கட்டுனாத்தான அவுக்க" என்றார் சுடலைமணி. கை நிற்கவில்லை.

"கட்டுவியே."

"உனக்குக் கட்டுவேன். எனக்கு எங்க கட்டுனேன்? முத வருஷம் கட்டிட்டு ஓடி, அவுக்க முடியாம ரெண்டு பேரும் கிடந்து மல்லுக்கட்டுனோம். அதுக்குள்ள விசில் ஊதிட்டாரு. நீ வேப்பமரத்தப் பிடிச்சுகிட்டு அழுத, மறந்துட்டியா?"

ஆதிலிங்கம் மறந்திருந்தார்.

"அதுக்கு அடுத்த வருஷத்துலருந்து எனக்கு முடிச்சே கிடையாது. லேச உள்ள சொருகிட்டு ஓடுவேன். வந்ததும் உதறுனா ஷூ கையில."

"ஓடும்போது கழண்டுராதா?"

"முத சுத்து நிக்கும். ரெண்டாம் சுத்துல கழலப் பாக்கும். வெரல மடக்கிப் பிடிச்சுக்கிட்டே வந்துருவேன்."

சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் காலைக் காட்டினார். ரப்பர் செருப்பின் மேல் பத்து விரல்களும் மடங்கி நின்றன. அப்படியே இரண்டு எட்டு வைத்தார். கால்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தன. ஆதிலிங்கம் கல்யாண வீடுகளில் ஓடிக் காட்டியது இதைத்தான்.

"இத்தன வருஷமா ஏண்ணே சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நல்லாத்தான் ஓடிக் காட்டுவ. எனக்கே சிரிப்பு வரும்."

"அந்த முடிச்சு யாருகிட்ட படிச்ச?"

"எந்த முடிச்சு?"

ஆதிலிங்கம் குனிந்து தன் ஷூவைக் காட்டினார். சுடலைமணி கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"இப்படியா கட்டுனேன்? என்னமோ கட்டுனேன். கைய யாரு பாத்தா? அந்த வாத்தியாரு வாயத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன், விசில் போயிரக் கூடாதேன்னு."

அதற்குள் படகுக்காரர் ஒருவர் நங்கூரக் கயிறு கேட்டு வந்தார். சுடலைமணி அவரைக் கவனிக்கப் போனார். ஆதிலிங்கம் கடையின் உட்புறம் போய், கயிற்றுச் சுருள்களுக்கு நடுவில் நின்று அழுதார். அந்த வயதில் அழுவதற்கு ஒரு மறைவு வேண்டியிருக்கிறது. கயிற்றுக்கடையில் அதற்குப் பஞ்சமில்லை. அலமாரியில் அவருடைய மூன்று கோப்பைகள் இருந்தன. அவற்றைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கலாமா என்று பார்த்தார், அப்புறம் அப்படியே விட்டுவிட்டார்.

மறுநாள் காலை கடற்கரையில் டெல்பினிடம் ஷூவை நீட்டினார். ரப்பர் லேஸ் கோத்திருந்தது. கிளிப் பூட்டியிருந்தது. நுனிகளை வெட்டியிருந்தார்.

டெல்பின் வாங்கி விரலால் இழுத்துப் பார்த்தார்.

"இறுக்கிட்டீங்க. சைக்கிள் மிதிச்சா கால் வீங்கும். கொஞ்சம் தளத்துங்க."

அண்ணன் என்ன சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. ஆதிலிங்கமாகவே சொன்னார். அன்று வாளித் தண்ணீரில் கால் நனைத்து ஷூ போடுவதில் ஆதிலிங்கத்தை யாராலும் முந்த முடியவில்லை.

போட்டியன்று சுடலைமணி கடையை அடைத்துவிட்டு வந்தார். சைக்கிள்கள் வந்து நிற்கும் இடத்தில், இரும்புத் தடுப்புக்கு வெளியே, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்.

ஆதிலிங்கம் கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்து சேர்ந்தார். சைக்கிளைத் தாங்கியில் மாட்டினார். நின்றபடியே ஒரு காலை நுழைத்தார், மறு காலை நுழைத்தார். முடிந்தது. ஆனாலும் பழக்கத்தில் உடம்பு குனிந்து, கைகள் லேசைத் தேடிப் போயின. அங்கே கட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தார். ஓட்டப் பாதை வலப்பக்கம். அவர் இடப்பக்கம் திரும்பித் தடுப்பை நோக்கிப் போனார்.

"சார், ரூட் அந்தப் பக்கம்" என்று ஒரு தொண்டர் கத்தினார். எட்டத்தில் நின்ற டெல்பின் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

ஆதிலிங்கம் அண்ணன் முன்னால் போய்த் தடுப்புக் கம்பிகளுக்கு இடையே காலை நீட்டினார். சுடலைமணி தம்பியைப் பார்த்தார், காலைப் பார்த்தார். அப்புறம் மெல்ல, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார்.

"லேச எங்கலே?"

"கட்ட வேண்டாண்ணே. தானா பிடிச்சுக்கிடும்."

சுடலைமணி ரப்பரை ஒற்றை விரலால் இழுத்து விட்டார். அது போய் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் இழுத்து விட்டார்.

"கழலாதா?"

"கழலாது."

"அப்ப வெரல மடக்க வேண்டாம்" என்றார் சுடலைமணி.

ஆதிலிங்கம் காலை எடுக்காமல் நின்றார். பின்னால் வந்த கடைசி ஆளும் ஷூ போட்டு ஓடிவிட்டார். தொண்டர் மறுபடி கத்தினார். சுடலைமணி தம்பியின் கெண்டைக்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"ஓடுலே."

ஓடினார்.

எல்லைக்கோட்டில் வளைவுக்குக் காற்றடிக்கும் மோட்டார் மேல் ஒருவர் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். வளைவு நின்றுகொண்டிருக்கும்போதே ஆதிலிங்கம் அதற்கடியில் புகுந்து அந்தப் பக்கம் போய் விழுந்தார். கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். இந்த வருடத்தின் கடைசிப் பதக்கம் அதுதான்.

மூச்சு அடங்கியதும் எழுந்து டெல்பினைத் தேடிப் போனார். டெல்பின் நனைந்த துண்டுகளைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஆதிலிங்கம் தப்புச் செய்த பையன் மாதிரி நின்றார்.

"கோச், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரப்பர் லேஸ்ல மிச்சம் பிடிச்ச நேரம் பூராத்தையும் அண்ணன்கிட்ட நின்னே செலவழிச்சுட்டேன்."

டெல்பின் இன்னொரு துண்டை எடுத்து உதறினார்.

"பின்ன, வீட்டுக்கா கொண்டு போவீங்க அண்ணாச்சி?"